மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பை எனக்கு முன்னால் ஆடுகிறது. பாஸ்டரம்மாவின் வலது தோளில் தொங்குகிற அந்தப் பை நான் தைத்தது. சபையின் பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைத்தது, நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, உள்ளே ஏழு அறை, அறைக்கு ஒரு போன், ஒவ்வொரு அறையின் வாயிலும் சிவப்பு நூலில் ஒரு பெயர். என் பெயர் கடைசி அறையில் இருக்கிறது. பியூலா, மூன்றே எழுத்து, சீக்கிரம் முடிந்துவிட்டது, லில்லிபாய் அக்கா பெயருக்குத்தான் நூல் நிறையப் போயிற்று. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டமாட்டேன். வரிசை ஒரு அடி நகர்கிறது, பை ஒரு அடி நகர்கிறது, நானும் ஒரு அடி. பிள்ளைக்கு லேசா மேலு சுடுது என்றார் அத்தான், பிள்ளையின் அப்பா. லேசா என்றால் எவ்வளவு லேசு, தொட்டால் தெரிகிற லேசா, தொடாமலே தெரிகிற லேசா, அதைக் கேட்டிருக்கலாம். காலையில் சென்னையில் விமானத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பாஸ்டரம்மா பையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராய் வந்து என் முன்னால் நின்றுவிட்டார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் போனில் பேசினார். “ஏ பிள்ள, தம்பிக்கு லேசா மேலு சுடுது பாத்துக்கோ. நீ ஒண்ணும் பயப்படாத. அவன் சாட்சிப் பிள்ளல்லா?” என்று சிரித்தார். பின்னால் லோடு ஆட்டோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சரி என்றேன். பாஸ்டரம்மா பையைக் கொஞ்சம் குலுக்கினார்கள், கோயிலில் காணிக்கைப் பையைக் குலுக்குவது போல. நான் போனை அதன் அறைக்குள் போட்டேன். ஏன் சரி என்றேன். எனக்கு எப்போதும் சரி மட்டும்தான் உடனே வரும்.

போன் உபவாசம் என்று பாஸ்டர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்பினால் விமானம் ஏறுகிற நேரத்திலிருந்து, அந்த ஊரில் தங்குகிற வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று முதல் ஜெபம் பண்ணி முடிக்கிறவரைக்கும் யாரும் போனைத் தொடக்கூடாது, வீட்டை நினைக்கக்கூடாது, வழி முழுக்க ஆண்டவர் கையில். போனைத் தொடாமல் இருக்கலாம். வீட்டை எப்படி நினைக்காமல் இருப்பது, அதற்கு ஒரு பை தைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால் அதையும் தைத்திருப்பேன். இந்த வரிசை நேராய்ப் போகவில்லை, கயிறு கட்டிப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து விட்டிருக்கிறார்கள், போன முகமே திரும்பத் திரும்ப எதிரே வருகிறது, தொப்பி போட்ட வெள்ளைக்காரர், இரண்டு சீனத்து அம்மாக்கள், முதுகில் பிள்ளையைக் கட்டியிருக்கிற ஒரு பெண். மேலே கம்போடியா என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம், லில்லிபாய் அக்கா வாசித்துச் சொன்னாள். அக்கா முப்பது வருஷம் வாத்திச்சியாய் இருந்தவள், ஏழு பேருக்கும் படிவம் எழுதினது அவள்தான். நான் ஆறாங்கிளாஸோடு நிறுத்தினவள், என் கையெழுத்து மட்டும் நானே போட்டேன். “எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவ, சொல்லு பாப்போம்,” என்றாள் அக்கா, இது நாலாவது தடவை. “டூரிஸ்ட்.” “சத்தமாச் சொல்லுட்டி, களவாண்டவ மாதிரி முழிச்சிக்கிட்டுச் சொல்லாத.” “டூரிஸ்ட்.” முன்னாலிருந்து மோசஸ் அண்ணன் திரும்பினார், சபையில் கீபோர்டு வாசிக்கிறவர், எதற்கெடுத்தாலும் சிரிப்புக்காட்டுவார். “பொய்யில்ல தங்கச்சி, ஆண்டவரோட தோட்டத்தச் சுத்திப் பாக்கத்தான வந்திருக்கோம். நான் என்ன, அந்தத் தோட்டத்துல எளநி கெடைக்குமான்னு பாக்க வந்திருக்கேன்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அங்கே இப்போது என்ன மணி. இங்கே சுவரில் நாலே கால், நம்ம ஊர் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்றாள் அக்கா. அப்படியென்றால் ரெண்டே முக்கால். ரெண்டே முக்காலுக்கு அவன் தூங்கி எழும்புகிற நேரம். காய்ச்சல் ஏறுகிறதும் அந்த நேரத்தில்தான், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் மத்தியானம் தூங்கும்போதுதான் ஏறிற்று, நான் பக்கத்தில் படுத்திருந்தேன், அவன் மூச்சு என் கழுத்தில் அடுப்புக் காற்று மாதிரிப் பட்டு விழித்தேன். இப்போது யார் கழுத்தில் படுகிறது அந்த மூச்சு. அத்தை மத்தியானம் படுக்கமாட்டார்கள், முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார்கள், பிள்ளை உள்ளே தொட்டிலில் கிடப்பான்.

முதல் தடவை வலிப்பு வந்தது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை. இந்த நினைப்பு வேண்டாம் என்று சொன்னால் அதுதான் முதலில் வருகிறது. அடுக்களையில் நின்றேன், ஏதோ கட்டிலில் தட்டுகிற மாதிரிச் சத்தம், போய்ப் பார்த்தால் தீமோவின் கை ஒரு பக்கமாய் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே போய் வெள்ளை மட்டும் தெரிகிறது, வாயோரம் நுரை. அவனை வாரித் தூக்கினேன். அத்தைதான் கத்தினார்கள். சபை எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு, பாஸ்டர் சட்டைகூடப் போடாமல் பனியனோடு ஓடிவந்தார், பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு சேர்த்து, இயேசப்பா, இயேசப்பா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் வெட்டு நின்றது. பிள்ளை கண்ணைத் திறந்து அவர் பனியனைப் பிடித்தான். தெருவே ஸ்தோத்திரம் என்றது. மறுநாள் ஆராதனையில் என்னை முன்னால் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள், கர்த்தர் நல்லவர், என் பிள்ளைக்குச் சுகம் கொடுத்தார், அவ்வளவுதான் சொன்னேன். மீதியைப் பாஸ்டர் சொன்னார். “ஒரு மாத்திரையில்ல, ஒரு மருந்தில்ல,” என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்தி என்னைப் பார்த்தார். சபை முழுக்க என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். அன்றைக்கு அது உண்மைதான். செவ்வாய்க்கிழமைதான் பொய்யாயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பவும் மேல் சுட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சுகமான பிள்ளைக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் என்று யாரிடம் சொல்ல. செவ்வாய்க்கிழமை காலையில் லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, அதில்தான் எனக்கு அழுகை வந்தது. “காய்ச்சல் ஏறினா இவனுக்கு வெட்டு வரும். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். மேல் சுட்ட உடனே இந்த மாத்திரை கால் துண்டு. வெட்டு வரட்டும் பாப்போம்னு இருந்துராதம்மா, வந்த பிறகு குடுத்துப் பிரயோசனமில்ல. அஞ்சு வயசானா தன்னால போயிரும்.” மேல் சுட்ட உடனே. சுட்ட உடனே. காலையில் சுட்டது, இப்போது ரெண்டே முக்கால். மாத்திரையை பிளேடால் கால் கால் துண்டாய் வெட்டி, காகிதத்தில் மடித்து, தையல் மிஷினின் இடது டிராயரில், பாபின்களுக்குப் பின்னால், சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்தேன். என் மிஷினை வேறு யாரும் தொடமாட்டார்கள். அதற்குப் பிறகு ரெண்டு தடவை காய்ச்சல் வந்தது, ரெண்டு தடவையும் கொடுத்தேன், வெட்டு வரவில்லை. கசப்பு நாக்கில் பட்டதும் தீமோ ஒரு நொடி சும்மா இருப்பான், கீழுதடு பிதுங்கும், அப்புறம் ஓடு பெயர்கிற மாதிரி ஒரு அழுகை. அந்த அழுகை அத்தைக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அவனை மடியில் போட்டுக்கொண்டு மிஷினைக் காலால் மிதிப்பேன், துணியே இல்லாமல் ஊசி சும்மா ஏறி இறங்கும், கடகடவென்று. அந்தச் சத்தத்துக்குள் பிள்ளை அழுவான். முற்றத்திலிருந்து அத்தை, “ஏ பியூலா, பிள்ள அழுதுல்லா, அந்தத் தையல நிறுத்திட்டுத் தூக்கு,” என்பார்கள். “இந்தா அத்தை, ஒரு ஓரம்தான்,” என்பேன். என்ன ஓரம். எந்த ஓரம். அப்புறம் வீட்டு ஜெபங்களில், பெண்கள் ஐக்கியத்தில், கன்வென்ஷன் மேடையில், எல்லா இடத்திலும் பாஸ்டர் அந்த இடத்தில் நிறுத்துவார், நான் தலையாட்டுவேன். இந்த ஊரில் ஒரு சின்னச் சபையில் நான் சாட்சி சொல்லவேண்டுமாம், ஒருவர் அவர்கள் பாஷையில் மாற்றிச் சொல்லுவாராம். தலையாட்டுவதை எந்தப் பாஷையில் மாற்றிச் சொல்லுவார்.

வரமாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை, அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழு நேரமும் அதைத்தான் கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒரு சகோதரி என் டிக்கெட்டுக்காகக் காணிக்கை விதைத்திருந்தார்கள், அத்தான் தெருவெல்லாம் சொல்லிவிட்டார், பாஸ்போர்ட்டில் என் படம் வந்ததே அவருக்குப் பெருமை. ஏழு நாள்தானே என்று நினைத்தேன். ஏழு நாளில் காய்ச்சல் வராது என்று நினைத்தேன், இல்லை, வரவேண்டாம் என்று ஜெபித்தேன், ஜெபித்ததாலேயே வராது என்று நினைத்தேன். டிராயரைப் பற்றி அத்தானிடம் சொல்லிவிடலாம் என்று நேற்று ஊரிலிருந்து கிளம்புகிறதற்கு முன்னால் விடிகாலையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், என்னை வழியனுப்ப ஷூ போட்டிருந்தார், கல்யாணத்துக்கு வாங்கின ஷூ. “என்னட்டி?” என்று அண்ணாந்து பார்த்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சிரிப்பை நான் எப்படி உடைப்பேன். ஒரு சிரிப்பு உடையக்கூடாதென்று பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

கயிறு திரும்புகிறது. இப்போது பாஸ்டர் என் எதிரே வருகிறார், கயிற்றுக்கு அந்தப் பக்கம், ரெண்டு முழம் தூரத்தில். அவருக்கு விமானம் என்றால் பயம், மேலே ஏறும்போது இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், ஆனாலும் ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தார், நீ முதல் தடவை வாற பிள்ள, பாத்துக்கிட்டு வா என்று. இவரிடம் சொன்னால் என்ன. சொல்லு, வாயைத் திற, இப்போது விட்டால் அடுத்த வளைவு. “பாஸ்டர்,” என்றேன். குனிந்து காதைக் கொடுத்தார். “தம்பிக்குக் காய்ச்சல். காலையில போன்ல சொன்னாவ.” மீதி இருக்கிறது, மீதிதான் முக்கியம், மீதியைச் சொல்லு. அவர் முகம் மாறிவிட்டது. நிஜமாகவே மாறியது, அன்றைக்குப் பனியனோடு ஓடிவந்த முகம். கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, என் தலைக்கு மேலே, தொடாமல், பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைகிற மாதிரி மெதுவாய் ஜெபித்தார், சுற்றிலும் அந்நிய ஜனம், போலீஸ்காரர் வேறு நிற்கிறார், அதனால் ரகசியமாய், ஆனால் கண்ணில் தண்ணீர் வரும்படி ஜெபித்தார். எனக்கும் வந்தது. அந்த ஒரு நிமிஷம் பாரம் யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது, பிள்ளையை அன்றைக்கு என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி. ஆமென் என்றார். “சுகமாயாச்சும்மா. விசுவாசிக்கியா?” என்றார். தலையாட்டினேன். வரிசை நகர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. மீதி என் வாயிலேயே கிடக்கிறது, கசப்பாய், கால் துண்டு மாதிரி.

ஆண்டவரே, நான் விசுவாசிக்கவில்லையா. விசுவாசிக்கிறேனே. டாக்டரம்மாவை உமக்குத் தெரியாதா, அவர்கள் கையை நீர் உண்டாக்கவில்லையா, அந்த மாத்திரை முளைத்தது எங்கே என்று உமக்குத் தெரியாதா, மாத்திரை முளைக்குமா, எனக்குத் தெரியவில்லை, நான் படிக்கவில்லை. ரெண்டையும் சேர்த்து விசுவாசித்தால் என்ன, ஒரு கையில் ஜெபம் ஒரு கையில் ஸ்பூன். இதைச் சபையில் கேட்கவேண்டும் என்று எத்தனை தடவை எழுந்திருக்கிறேன், சேலையைச் சரிபண்ணிக்கொண்டு திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் அந்தப் பெண்ணின் முதுகுப் பிள்ளை அழத் தொடங்குகிறது. எந்த ஊர்ப் பிள்ளையோ, அழுகை ஒரே மாதிரிதான் இருக்கிறது. என் மார்பு கட்டிப்போய் வலிக்கிறது, நேற்றிலிருந்து பிள்ளை குடிக்கவில்லை, இந்த அழுகையைக் கேட்டதும் பால் சுரந்து ஜாக்கெட் நனைகிறது. முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறேன். குழுவில் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் சேலை எடுத்தார்கள், நனைந்தால் உடனே தெரிகிற நிறம். அவனுக்கு இந்தப் பால் தேவைப்படுகிறது அங்கே. காய்ச்சல் வந்தால் வேறு எதையும் தொடமாட்டான், என்னை மட்டும்தான். நான் இங்கே ஒரு கயிற்றுக்குள் நின்று ஒரு துணியை நனைத்துக்கொண்டிருக்கிறேன். கை வெட்டுகிறதா இப்போது. கட்டிலில் தட்டுகிறதா. தொட்டில் என்றால் தட்டாது, சத்தம் வராது, தொட்டில் துணி மெத்தென்று இருக்கும், யாருக்கும் கேட்காது. நான்தான் அதை நல்ல கெட்டித் துணியாய்ப் பார்த்து ரெட்டைத் தையல் போட்டேன்.

பை நின்றுவிட்டது. முன்னால் மோசஸ் அண்ணன் கண்ணாடிக்கூண்டுக்குப் போய்விட்டார், அப்புறம் லில்லிபாய் அக்கா, மற்ற ரெண்டு பேரும். பாஸ்டர் ஏற்கெனவே முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவராய் எண்ணுகிறார். இந்தப் பக்கம் பாஸ்டரம்மாவும் நானும். தரையில் ஒரு மஞ்சள் கோடு, கூப்பிடாமல் தாண்டக்கூடாது. கோட்டைத் தாண்டினால் பெட்டி எடுக்கவேண்டும், வேன், வேனில் ரெண்டு மணி நேரம் என்றார்கள், அப்புறம் முழங்கால், அப்புறம் ஜெபம், அப்புறம் போன். இப்போது இல்லையென்றால் இல்லை. ஜெபம் பெரிசாய்ப் போகும், ஊர் ஊராய்ப் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். “அம்மா,” என்றேன். பையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், அங்கே ஒரு நூல் பிரிந்திருக்கிறது, நான் சரியாய் முடிச்சுப் போடவில்லை. பாஸ்டரம்மா திரும்பினார்கள். “என்ன பியூலா, மயக்கமா வருதா?” “மாத்திரை இருக்கும்மா.” “என்ன மாத்திரை?” “தம்பிக்கு. நான் டாக்டர்கிட்டக் காட்டினேன். அப்பவே காட்டினேன். காய்ச்சல் வந்தா உடனே குடுக்கணும், குடுக்காட்டா வெட்டு வந்துரும். நான் ஒளிச்சி வச்சிருக்கேன். அங்க யாருக்கும் தெரியாது. அம்மா, அங்க யாருக்கும் தெரியாது.” சொல்லிவிட்டேன். இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் யாரிடமும் பேசினதில்லை. பாஸ்டரம்மா என்னையே பார்த்தார்கள். அப்புறம் தலையைத் திருப்பிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பாஸ்டரின் முதுகைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று கண்ணை மூடினேன். “எங்க ஒளிச்சி வச்சிருக்க?” என்றார்கள்.

கண்ணைத் திறந்தபோது அவர்கள் கை பைக்குள் இருந்தது. போன் அறைகளுக்குக் கீழே, உள்பக்கம், ஒரு சின்ன அறை உண்டு. பை தைக்கும்போது பாஸ்டரம்மா என்னைத் தனியாய்க் கூப்பிட்டு, உள்ள ஒரு சின்னதா ஒண்ணு வச்சிரு, யாருக்கும் தெரியவேண்டாம் என்று சொன்னார்கள், எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, மூக்குத்திப் பொட்டலம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று தைத்தேன், அப்புறம்தான் நகையே போடாத சபையில் நமக்கு ஏது மூக்குத்தி என்று நினைப்பு வந்தது. அவசரத்தில் போனை உருவும்போது அதற்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டை பாதி வெளியே வந்தது. பாதி காலியான அட்டை. பாஸ்டரம்மா அதை விரலால் உள்ளே தள்ளினார்கள். நான் பார்த்ததை அவர்கள் பார்த்தார்கள். “சுகர்,” என்றார்கள் அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டு, “நாலு வருஷமாச்சு.” வெளிநாட்டு ரீசார்ஜ் போட்ட அவர்கள் போனில் அத்தான் நம்பரைப் போட்டு என் காதில் வைத்தார்கள், முந்தானையை இழுத்து என் தலையோடு போனையும் சேர்த்து மூடினார்கள்.

மணி அடிக்கிறது. அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எவ்வளவு இடம். எடுங்க அத்தான். லோடு ஏற்றிக்கொண்டிருந்தால் எடுக்கமாட்டார். எடுங்க. “அலோ, யாரு?” “அத்தான்.” “ஏ பிள்ள! போயாச்சா? ஜெபமெல்லாம் முடிஞ்சிதா அதுக்குள்ள?” “தம்பி எங்க?” “தூங்குதான். நான் இப்பந்தான் வீட்டுக்கு வந்தேன். மேலு நல்லாத்தான் சுடுது, அம்ம துணி நனைச்சிப் போட்டிருக்கா. மத்தியானத்துல இருந்தே தூக்கம்தான்.” மத்தியானத்திலிருந்தே. “எழுப்புங்க. மிஷின் டிராயரைத் தொறங்க. இடது டிராயரு. பாபினுக்குப் பின்னால சாக்பீஸ் டப்பா. உள்ள காயிதத்துல மாத்திரை மடிச்சிருக்கு, ஒரே ஒரு துண்டு, ஸ்பூன்ல தண்ணி விட்டுக் கரைச்சி…” “என்ன மாத்திரை?” “அத்தான், தொறங்க.” “என்ன மாத்திரைட்டி? அவனுக்குத்தான்…” அவர் நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தில் ஷூவும் சிரிப்பும் தெருவெல்லாம் சொன்ன பெருமையும் ஒவ்வொன்றாய் விழுவது எனக்குக் கேட்டது. விழட்டும். “குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. என்ன பெறவு கொல்லுங்க. இப்பத் தொறங்க.” கால் சத்தம். அப்புறம் அந்தச் சத்தம், எனக்கு மட்டும் தெரிந்த சத்தம், அந்த டிராயர் பாதியில் சிக்கும், கொஞ்சம் தூக்கி இழுக்கவேண்டும், அவருக்குத் தெரியாது, தூக்கி இழுங்க, தூக்கி. வேகமாய் இழுத்துவிட்டார். பாபின்களெல்லாம் தரையில் விழுந்து உருளுகின்றன. “இருக்கு,” என்றார் தூரத்திலிருந்து. “யம்மா, ஸ்பூன எடு!”

ஒரு காவல்காரர் என்னைப் பார்த்து வருகிறார், கையை ஆட்டி, நோ நோ என்று, சுவரில் போனுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படத்தைக் காட்டுகிறார். அதே நேரத்தில் கண்ணாடிக்கூண்டுக்குள்ளிருந்து அதிகாரி விரலை மடக்கி என்னைக் கூப்பிடுகிறார். பாஸ்டரம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். “நீ போ. நான் கேக்கேன். போ.” “கசப்புக்கு அழுவாம்மா. நல்லா அழுவான். அழுதாத்தான் தெரியும்.” “போட்டி.” கோட்டைத் தாண்டினேன். பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அதிகாரி ஏதோ கேட்டார். டூரிஸ்ட் என்றேன், சத்தமாய், அக்கா சொன்ன மாதிரி. நாலு விரலைப் பச்சை வெளிச்சத்தில் வைக்கச் சொன்னார், வைத்தேன், அது வெதுவெதுப்பாய் இருந்தது, பிள்ளையின் நெற்றி மாதிரி, எடுக்க மனம் வரவில்லை. கட்டைவிரல். அடுத்த கை. கண்ணாடியில் எனக்குப் பின்னால் பாஸ்டரம்மா தெரிகிறார்கள், முந்தானைக்குள் போன், காவல்காரருக்கு ஏதோ தமிழிலேயே சொல்லிக்கொண்டு ஒரு கையால் அவரைத் தள்ளி நிறுத்துகிறார்கள், உதடு அசையவில்லை, கேட்கிறார்கள், இன்னும் கேட்கிறார்கள். அதிகாரி மேலே இருந்த சின்னக் கேமராவைக் காட்டி, முகத்தை நேராய் வை, அசையாதே என்று கையாலே சொன்னார். அசையாமல் நின்றேன். அழு ராசா. இத்தனை நாள் மிஷினை மிதித்து உன் அழுகையை மூடினேன், இன்றைக்கு அழு, ஒரு தடவை அழு, கடலுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி அழு. கண்ணாடியில் பாஸ்டரம்மாவின் முகம் சுருங்குகிறது. அது எதற்காகச் சுருங்குகிறது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள். பார்க்கிறார்கள், விரலால் எதையோ அழுத்துகிறார்கள், போனை என் பக்கமாய்த் தலைக்கு மேலே தூக்குகிறார்கள்.

தீமோ அழுதான். கரகரவென்று, ஓடு பெயர்கிற அந்த அழுகை, அந்தப் பெரிய கூடம் முழுக்க. சீனத்து அம்மாக்கள் திரும்பினார்கள், முதுகில் இருந்த பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. காவல்காரர் நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவேண்டும், காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, மூன்று நாள் கொடுக்கவேண்டும், எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும், ஆனாலும் அழுதான். பால் சுரந்து வயிறு வரைக்கும் நனைந்தது, மூடிக்கொள்ளவில்லை. அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தப் பக்கம் பாஸ்டர் ரெண்டு கையையும் தூக்கிவிட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “ஸ்தோத்திரம் ஆண்டவரே! பாத்தியாம்மா பியூலா, பாத்தியா! இங்க வரிசையில நின்னு ஜெபிச்சோம், அங்க பிள்ள எழும்பிட்டான். இத இங்க உள்ள ஜனங்ககிட்டச் சொல்லணும். ஒரு மாத்திரையில்ல, ஒரு மருந்தில்ல…” என்று நிறுத்தினார்.

அந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்துவார். லில்லிபாய் அக்கா என்னைப் பார்த்தாள். மோசஸ் அண்ணன் பார்த்தார். பின்னால், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், பாஸ்டரம்மா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்தாயிற்று, போகலாம் என்று அதிகாரி கையை ஆட்டினார், ரெண்டாவது தடவையும் ஆட்டினார். பாஸ்டர் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டே இருந்தார். நான் தலையை அசைக்காமல் நின்றேன்.